மெதுவாக நகரும் இலக்கில் ஊக்கம் குறையாமல் தொடர்வது எப்படி

தொடங்கிய வேலையில் ஊக்கம் போய்விட்டது என்று சொல்பவரிடம், முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளக்கிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே ஓர் அளவைத்தான் சொல்வார். உடல் எடையைக் குறைக்க முயல்பவர் எடைக் கருவியில் தெரியும் எண்ணைச் சொல்வார். குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர் மாதிரித் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்வார். கடனை அடைப்பவர் வங்கிக் கணக்கில் இன்னும் நிற்கும் தொகையைச் சொல்வார். இந்த அளவுகளில் தவறில்லை. அவை மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் ஒன்றாகவும், நாம் அவற்றை எட்டிப் பார்க்கும் இடைவெளி வேறொன்றாகவும் இருப்பதுதான் சிக்கல். மூன்று மாதத்தில் மாறக்கூடிய ஒன்றைத் தினமும் காலையில் பார்ப்பவருக்கு, வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தாலும், ஏறக்குறைய தொண்ணூறு முறை ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்ற பதிலே கிடைக்கும். அத்தனை முறை அதைக் கேட்ட பிறகும் தளராமல் இருப்பவர் அரிது. ஆகவே ஊக்கமூட்டும் பேச்சுகளைத் தேடுவதற்கு முன்னால் கணக்கு வைக்கும் முறையைத் திருத்திக்கொள்வது நல்லது என்பதே என் கருத்து.

மூன்று கணக்குகள்

நீலகிரி மலையின் கோத்தகிரி, குன்னூர், குந்தா பகுதிகளில் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிகள் இதை யாரும் சொல்லித்தராமலேயே கையாள்கிறார்கள். நட்ட கன்று முறையான பறிப்புக்கு வர மூன்று ஆண்டுகள் அளவில் ஆகும். அந்தக் காலத்தில் கொழுந்தின் எடையைப் பற்றிப் பேச்சே எழாது; களை எடுத்தாயிற்றா, பட்டுப்போன கன்றுகளுக்குப் பதில் வேறு நட்டாயிற்றா, செடி பக்கவாட்டில் பரவும்படி நுனியை வெட்டியாயிற்றா என்றுதான் பார்ப்பார்கள். பறிப்பு தொடங்கிய பின், பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்றாகப் பச்சைத் தேயிலை தொழிற்சாலைக்குப் போகும். ஒவ்வொரு சுற்றின் எடையும் எழுதப்படும். ஜனவரி உறைபனியில் வரத்து சரிந்தால், அதை நவம்பரோடு ஒப்பிட்டுக் கலங்காமல், சென்ற ஆண்டின் ஜனவரியோடு ஒப்பிடுவார்கள். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யும்போது செடி வெறும் குச்சியாக நிற்கும். சில மாதங்களுக்குப் பறிக்க ஒன்றும் இராது. அந்த ஆண்டின் எடையைக் கொண்டு தோட்டம் கெட்டுவிட்டது என்று எவரும் முடிவு செய்வதில்லை. (பச்சைத் தேயிலையின் விலை இவர்கள் கையில் இல்லை, விலை சரிவதால் வரும் சோர்வுக்கு எந்தக் கணக்கு முறையும் மருந்தாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

உங்கள் இலக்குக்கும் இதேபோல மூன்று கணக்குகளைத் தனித்தனியாக வையுங்கள். முதலாவது, செய்த வேலையின் கணக்கு. இது தினமும் எழுதப்படுவது. இரண்டாவது, திறனின் கணக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ எழுதப்படுவது. மூன்றாவது, விளைவின் கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் திறக்கக் கூடாதது. ஒரே நோட்டுப் புத்தகத்தின் முன்பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம் போதும். கைப்பேசிச் செயலிகளும் இதைச் செய்யும். ஆனால் அவற்றில் பல மூன்றையும் ஒரே திரையில் காட்டி, நாம் தவிர்க்க நினைக்கும் ஒப்பீட்டையே தினமும் நம் முன் வைக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். குன்னூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். கேள்விகளில் பாதி தமிழ்ப் பகுதியைச் சேர்ந்தவை. இவர் வாரந்தோறும் முழு மாதிரித் தேர்வு எழுதி மதிப்பெண்ணைப் பார்த்தால், அது ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். கேள்வித்தாளின் கடுமையும் அன்றைய களைப்புமே அந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு வகிக்கும். அதற்குப் பதிலாக, கடை மூடிய பின் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாரா என்பதைத் தினமும் குறிக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஏற்கெனவே படித்து முடித்த ஒரே ஒரு பகுதியில், எடுத்துக்காட்டாக இலக்கணத்தில், 50 கேள்விகளுக்கு விடை எழுதிப் பிழைகளின் எண்ணிக்கையைக் குறிக்கலாம். பிழை 19இலிருந்து 14ஆகவும் பிறகு 11ஆகவும் குறைவது கண்ணுக்குத் தெரியும்; எந்த வகைக் கேள்வியில் மீண்டும் மீண்டும் சறுக்குகிறார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். முழு மாதிரித் தேர்வை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தேர்வு நெருங்கும்போது மட்டும் அடிக்கடி, வைத்துக்கொண்டால் போதும்.

உடல்நல இலக்குகளில் இந்த இடைவெளிப் பொருத்தம் இன்னும் தெளிவாக இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு மருத்துவர் எழுதித் தரும் எச்பிஏ1சி பரிசோதனை, இரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிறது. நடைப்பயிற்சியைத் தொடங்கிப் பத்து நாளில் அதை எடுத்துப் பார்ப்பதில் பொருளில்லை. (விரல் நுனிப் பரிசோதனையை எத்தனை முறை செய்வது என்பது மருந்தோடு தொடர்புடையது, அதை மருத்துவர் சொன்னபடியே செய்ய வேண்டும், ஊக்கத்துக்காகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.) உடல் எடையும் உப்பு, நீர், உணவு ஆகியவற்றால் ஒரு நாளுக்குள்ளேயே ஒரு கிலோ அளவுக்கு ஏறி இறங்கும். மாதம் ஒரு கிலோ குறைய வேண்டும் என்று திட்டமிட்டிருப்பவர் அந்த ஒற்றை எண்ணைக் கொண்டு தன்னை மதிப்பிட்டால், அவருடைய ஒரு மாத உழைப்பை முந்தைய இரவின் ஊறுகாய் மறைத்துவிடும். ஏழு நாள் எடையைக் கூட்டிச் சராசரி எடுத்து, மாதத்தின் கடைசி வாரச் சராசரியை முந்தைய மாதத்தின் கடைசி வாரச் சராசரியோடு ஒப்பிடுவதே பயனுள்ளது.

பணத்தில் தொடக்க மந்தம் கணக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. அஞ்சலகத்தில் மாதம் 1,000 ரூபாய் வீதம் 60 மாதத் தொடர் வைப்பில் போடுகிறீர்கள், வட்டி ஆண்டுக்கு 6.7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முதல் ஆண்டு முழுவதற்கும் சேரும் வட்டி சுமார் 440 ரூபாய்தான். ஐந்தாம் ஆண்டில் மட்டும் சுமார் 4,200 ரூபாய் சேரும். முதல் ஆண்டின் முடிவில் வட்டியைப் பார்த்துச் சலிப்படைந்து தவணை கட்டுவதை நிறுத்திவிடுபவர், ஆதாயம் கூடத் தொடங்கும் கட்டத்துக்கு முன்பே வெளியேறுகிறார். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வட்டியைப் பார்க்கவே வேண்டாம்; தவணை தவறாமல் கட்டப்பட்டதா என்பதை மட்டும் கணக்குப் புத்தகத்தில் பாருங்கள்.

தினக் கணக்கில் ஒரு வரி எழுதும் பழக்கத்தைக் கூடுதலாகப் பரிந்துரைக்கிறேன். தெரசா அமபில், ஸ்டீவன் கிராமர் ஆகிய ஆய்வாளர்கள் 238 பணியாளர்களின் ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவின்படி, பணியாளர்கள் உற்சாகமாக இருந்த நாட்களில் மிகுதியாகக் காணப்பட்டது, பொருளுள்ள வேலையில் ஏதோ ஒரு முன்னேற்றம். அது சிறியதாக இருந்தாலும் விளைவு தெரிந்தது. அந்தச் சிறிய முன்னேற்றம் இரவுக்குள் மறந்துபோகக்கூடியது. ‘இன்று புணர்ச்சி விதிகளில் குற்றியலுகரம் புரிந்தது’ என்று ஒரு வரி இருந்தால், மாதக் கடைசியில் புரட்டிப் பார்க்க முப்பது வரிகள் இருக்கும்.

நடுவழியில் வரும் தளர்ச்சி

தொடக்கத்தில் புதுமை இழுக்கும், முடிவில் இலக்கு இழுக்கும், நடுவில் இழுக்க ஒன்றும் இருப்பதில்லை. இலக்கு நெருங்க நெருங்க முயற்சி கூடுகிறது என்பதை உளவியலாளர் கிளார்க் ஹல் 1930களில் எலிகளைக் கொண்டு விளக்கினார். உணவை நெருங்கும்போது அவை வேகமாக ஓடின. மனிதர்களிடமும் இது உண்டு. ஜோசப் நூனஸ், சேவியர் டிரேஸ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கார் கழுவும் நிலையம் ஒன்றின் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினருக்கு எட்டு முத்திரை சேர்த்தால் ஒரு முறை இலவசம் என்ற அட்டையும், மற்றவர்களுக்குப் பத்து முத்திரை தேவைப்படும், ஆனால் இரண்டு ஏற்கெனவே குத்தப்பட்ட அட்டையும் தரப்பட்டன. இருவருக்கும் மீதமிருந்தது எட்டுதான். ஆயினும் முதல் பிரிவில் 19 சதவீதத்தினரும் இரண்டாம் பிரிவில் 34 சதவீதத்தினரும் அட்டையை நிறைவு செய்தார்கள். வெறுமையிலிருந்து தொடங்கவில்லை என்ற உணர்வே இந்த வேறுபாட்டை உண்டாக்கியது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்முறை இரண்டு. முதலாவதாக, இலக்கைப் பதிவு செய்யும்போது ஏற்கெனவே முடிந்ததையும் சேர்த்தே எழுதுங்கள். பத்தாம் வகுப்புக் கணிதம் நன்றாகத் தெரிந்தவர் தேர்வுப் பாடத்திட்டத்தில் அந்தப் பகுதிகளை முதல் நாளே ‘முடிந்தது’ என்று குறிப்பது ஏமாற்று வேலை ஆகாது. அது உண்மையான கணக்கு. இரண்டாவதாக, பாதி வழி வரை முடித்ததை எண்ணுங்கள், பாதியைக் கடந்த பின் மீதமிருப்பதை எண்ணுங்கள். மின்ஜுங் கூ, அய்லெட் ஃபிஷ்பாக் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: முடிந்தது, மீதமிருப்பது ஆகிய இரண்டில் எது சிறியதோ அதன்மேல் கவனம் வைப்பவர்களிடம் ஊக்கம் கூடுதலாக இருக்கிறது. 60 தவணைக் கடனில் மூன்றாம் தவணையைக் கட்டியவர் ‘இன்னும் 57’ என்று எண்ணினால் மலைப்பார். ‘மூன்று கட்டிவிட்டேன்’ என்று எண்ணினால் நான்காவது ஒரு பெரிய கூட்டலாகத் தெரியும். 50ஆம் தவணைக்குப் பிறகு ‘இன்னும் பத்து’ என்ற எண்ணம்தான் உந்தும்.

திறன் தேங்கி நிற்பது வேறு வகைத் துன்பம். வில்லியம் பிரையன், நோபிள் ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி இயக்குபவர்கள் கற்கும் முறையை ஆராய்ந்து 1897, 1899 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், செய்தியைக் கேட்டு எழுதும் வேகம் சில வாரங்கள் ஏறாமல் சமதளமாக நின்று பிறகு மறுபடி உயர்வதைப் பதிவு செய்தார்கள். எழுத்து எழுத்தாகக் கேட்பவர் சொல் சொல்லாகக் கேட்கப் பழகும் இடைக்காலம் அது என்பது அவர்களுடைய விளக்கம். இந்தத் தேக்கம் எல்லாருக்கும் வந்தே தீரும் என்று பின்வந்த ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஊட்டியிலோ குன்னூரிலோ தட்டச்சுப் பயிலகத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. நிமிடத்துக்கு 30 சொற்கள் என்ற இளநிலை வேகத்திலிருந்து 45 சொற்கள் என்ற முதுநிலை வேகத்துக்குப் போகும் வழியில் நெடுநாள் ஒரே இடத்தில் நிற்பவர் பலர். அப்போது வேகத்தை எண்ணுவதைச் சில வாரங்களுக்கு முற்றிலும் நிறுத்திவிட்டு, பக்கத்துக்கு எத்தனை பிழை, எந்த விரலில் பிழை என்று மட்டும் எண்ணுவது நல்லது. வேகம் நிற்கும் காலத்திலும் பிழை குறைந்துகொண்டிருக்கலாம். அது குறைகிறது என்றால் பயிற்சி வீணாகவில்லை. பிழையும் குறையவில்லை என்றால், அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பதை விட்டு, தடுமாறும் சொற்களை மட்டும் தனியே எடுத்து மெதுவாக அடிக்கத் தொடங்க வேண்டும்.

மலையின் காலநிலைக்கு ஏற்ற திட்டம்

சமவெளியில் எழுதப்பட்ட அறிவுரைகளில் பெரும்பாலானவை அதிகாலை ஐந்து மணிக்கு எழச் சொல்கின்றன. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகையில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் வேளையில் அந்த அறிவுரை எத்தனை நாள் நிற்கும் என்பதை இங்கு வாழ்பவர்கள் அறிவார்கள். அதோடு, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் காட்டெருமையும் கரடியும் நடமாடுகின்றன. சோம்பலின் பெயரில் தன்னைத் திட்டிக்கொண்டு இருட்டில் தனியே நடக்கக் கிளம்புவது அறிவுடைமை ஆகாது. நடை வெளிச்சம் வந்த பிறகுதான்; வேலைக்குப் போகும் அவசரத்தில் அது முடியாதென்றால், மதிய உணவு இடைவேளையில் பதினைந்து நிமிடமும், மாலையில் இரண்டு நிறுத்தம் முன்னதாகப் பேருந்திலிருந்து இறங்கி நடப்பதும் ஆகும்.

மழைக்கும் இதேபோல முன்கூட்டியே விடை எழுதி வைக்க வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமும், குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளுக்கு அக்டோபருக்குப் பிந்தைய வடகிழக்குப் பருவமும் தடையாக வரும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் வகுத்த ஒரு முறை இங்கு உதவுகிறது: ‘இன்னது நேர்ந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று தடையையும் செயலையும் ஒரே வாக்கியத்தில் இணைத்து எழுதுவது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட ஆய்வு, இப்படித் திட்டமிட்டவர்கள் இலக்கை அடைவதில் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டிருந்ததைக் காட்டியது. ‘மழை நிற்கவில்லை என்றால், வீட்டுப் படிக்கட்டில் பத்து நிமிடம் ஏறி இறங்குவேன்’, ‘மின்சாரம் போனால், கைப்பேசியில் பதிவு செய்து வைத்த பாடத்தைக் கேட்பேன்’, ‘மண்சரிவால் பேருந்து நின்று பயிலகத்துக்குப் போக முடியவில்லை என்றால், வீட்டில் பழைய பாடத்தின் பிழைகளைத் திருத்துவேன்’ என்பன போன்ற மூன்று நான்கு வாக்கியங்கள் போதும். பருவமழை மாதத்தின் கணக்கை அதற்கு முந்தைய வறண்ட மாதத்தோடு ஒப்பிட வேண்டாம். சென்ற ஆண்டின் அதே மாதம் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள், இல்லையென்றால் அந்த மாதத்தை ஒப்பிடாமலே விட்டுவிடுங்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் கலைந்துவிட்டது என்ற அச்சமும் தேவையற்றது. பிலிப்பா லாலியும் உடனாய்வாளர்களும் லண்டனில் 96 பேரை 84 நாள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஒரு புதிய பழக்கம் யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. மேல் எல்லை, 84 நாள் தரவிலிருந்து கணித்த மதிப்பீடு. ஒரு முறை தவறியதால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு தெரியவில்லை. ‘21 நாளில் பழக்கம் வரும்’ என்று பரவியிருக்கும் கணக்கு, ஓர் அமெரிக்க ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் தம் நோயாளிகளைப் பற்றி 1960இல் எழுதிய பொதுவான கவனிப்பிலிருந்து திரிந்து வந்தது. அதை நம்பி 22ஆம் நாளும் படிப்பு கடினமாகவே இருக்கிறது என்று கைவிட்டவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பிறரோடு ஒப்பிடுவதும் பிறரிடம் சொல்வதும்

கோவை ரேஸ் கோர்ஸ் சாலையின் சமதளத்தில் ஓடும் சித்தப்பா மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் ஓட்ட நேரத்தை, உதகையில் ஓடுபவர் தன் நேரத்தோடு ஒப்பிடக் கூடாது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கு காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு, சாலைகளும் ஏறி இறங்குபவை. மற்ற இலக்குகளிலும் இந்தச் சரிவும் உயரமும் வேறு வடிவத்தில் உண்டு: ஒருவர் முழுநேரம் படிக்கிறார், மற்றவர் கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டுப் படிக்கிறார். ஒப்பிட வேண்டுமென்றால், உங்களோடு ஒத்த நேரமும் ஒத்த பொறுப்பும் உள்ள ஒருவரோடு, அதுவும் செய்த வேலையின் கணக்கை மட்டும் ஒப்பிடுங்கள்.

இலக்கை ஊரெல்லாம் அறிவிப்பது பற்றி எனக்கு ஐயம் உண்டு. அறிவித்த அன்று கிடைக்கும் பாராட்டு பாதி வேலை முடிந்துவிட்ட நிறைவைத் தந்துவிடக்கூடும். மெதுவாக நகரும் இலக்கில், அதன் பிறகு ஒவ்வொரு திருமணத்திலும் காதுகுத்திலும் ‘என்னம்மா, தேர்வு என்ன ஆச்சு?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கேட்பவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள்; ஆனால் அவர்கள் கேட்பது மூன்றாம் கணக்கை, நீங்கள் திறக்கக் கூடாத காலத்தில். ‘படித்துக்கொண்டிருக்கிறேன் அத்தை, அடுத்த ஆண்டு எழுதுகிறேன்’ என்ற ஒரே விடையை முடிவு செய்து வைத்துக்கொண்டு அதற்குமேல் விளக்காமல் இருப்பதே எளிது. அதேவேளையில், ஒரே ஒருவரிடம், அக்காவிடமோ உடன் படிப்பவரிடமோ, வாரத்துக்கு ஒருமுறை தினக் கணக்கைக் காட்டுங்கள். ‘எத்தனை மதிப்பெண்’ என்று கேட்காமல் ‘எத்தனை நாள் உட்கார்ந்தாய்’ என்று மட்டும் கேட்கும்படி அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மூன்று மாத முடிவில் என்ன செய்வது

மூன்று மாதம் முடிந்ததும் மூன்று கணக்குகளையும் ஒருசேர வைத்துப் பாருங்கள். தினக் கணக்கிலேயே பாதிக்கு மேல் வெற்றிடம் என்றால், விளைவைப் பற்றிக் கவலைப்படுவதற்கு இன்னும் காலம் வரவில்லை. தினப் பங்கை ஒரு மணியிலிருந்து இருபது நிமிடமாகக் குறைத்து, நேரத்தையும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். தினக் கணக்கு நிறைந்து, திறன் கணக்கும் ஏறியிருந்து, விளைவு மட்டும் அசையவில்லை என்றால், எதையும் மாற்றாமல் இன்னொரு மூன்று மாதம் தொடருங்கள். தினக் கணக்கு நிறைந்தும் திறன் நகரவில்லை என்றால், உழைப்பைக் கூட்டாதீர்கள். முறையை மாற்றுங்கள், தெரிந்தவர் ஒருவரிடம் உங்கள் பிழைத்தாளைக் காட்டிக் கேளுங்கள். முறையை இரண்டு தடவை மாற்றிய பிறகும் திறன் அப்படியே நின்றால், இலக்கையே மறுபரிசீலனை செய்யலாம்.

எப்போது நிறுத்துவது என்பதையும் தொடக்கத்திலேயே, மனம் தெளிவாக இருக்கும்போது, கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது: இத்தனை தேர்வுகள், இந்த வயது, இவ்வளவு செலவு என்று. மோசமான ஒரு வாரத்தின் இரவில் எடுக்கும் முடிவைவிட அது நியாயமாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் செலவழித்துவிட்டோமே என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பதிலிருந்தும் அது காக்கும். அப்படி நிறுத்த நேர்ந்தால், இரவு எட்டு முதல் ஒன்பது வரை என்று இத்தனை காலமாகப் பழகிவிட்ட அந்த ஒரு மணி நேரத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தட்டச்சு முதுநிலையோ, கணினிப் பயிற்சியோ, வேறொரு தேர்வோ, அடுத்துத் தொடங்கும் வேலையை அதே நேரத்தில், அதே மேசையில், அதே நோட்டின் புதிய பக்கத்தில் மறுநாளே எழுதத் தொடங்கலாம்.